ஷிப்லியின் இளகிய தோள்

ஷிப்லியின் உடம்பு வாகு பிறப்பிலேயே அப்படி. பெருவிரலை மடக்கினால் மணிக்கட்டில் போய் ஒட்டும். முழங்கை பின்பக்கமாக வளையும். அவனுடைய உம்மாவுக்கும் அதே வாகுதான். பகலில் அவனுக்குக் கல்முனை பஸாரில் புடைவைக் கடை வேலை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் பந்தடிக்கிற குழுவின் கோல்காப்பாளன். 'றப்பர் ஷிப்லி' என்றால் அக்கரைப்பற்று வரைக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை இழுத்துவிடுவார்கள். இழுத்தால் கை இன்னும் எட்டும் என்று தலைவன் றிபாத் நம்பினான். ஷிப்லியும் நம்பினான். பாய்ந்து விழும்போது வலது தோள் மூட்டு கழலத் தொடங்கியது. கழன்றதைத் திரும்பப் பொருத்தி, எண்ணெய் தேய்த்து, மறுபடியும் இழுத்தார்கள்.

வலி தாங்காமல் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிசியோதெரபி செய்கிற கிருசிகா மிஸ் அவனுடைய விரல்களை வளைத்துப் பார்த்தார்.

"இது நோய் வருத்தமில்ல தம்பி, உங்கட வாகு. மற்றாக்களுக்கு மூட்டு இறுகியிருக்கும், இழுத்து இளக்கலாம். உங்களுக்கு ஏற்கனவே இளகித்தான் இருக்கு. இழுக்க இழுக்கக் கழரும்."

"அப்ப இனி விளையாட ஏலாதா மிஸ்?"

"தோளைச் சுத்தியிருக்கிற சதையைப் பலமாக்கினா ஏலும். அவசரப்பட்டா ஏலாது."

ஹஜ்ஜுப் பெருநாள் போட்டியில் அவன் ஆடவில்லை. குழு தோற்றது. வீதியில் கண்டால் றிபாத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷிப்லி தினமும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, மிஸ் தந்த றப்பர் பட்டியை வீட்டுத் தூணில் கட்டி, மெல்ல மெல்லத் தோளுக்கு வேலை கொடுத்தான். சலித்தது. ஆனாலும் விடவில்லை.

மழைக்காலம் கழிந்து கடற்கரைக்கு வந்தபோது றிபாத்தே எதிரே வந்தான்.

"வா மச்சான், இழுத்து உடுறன்."

"வேணாம். கையத் தொடாத."

"என்னடா, புதுமாப்பிள போல கூச்சப்படுறாய்?"

"எப்பிடியும் சொல்லு. இழுத்தா நான் ஊட்டுக்குப் போயிருவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தானாகவே கைகளை மெதுவாகச் சுழற்றிவிட்டுக் கோலுக்குள் போய் நின்றான்.

முதல் பந்து உயரத்தில் மூலைக்கு வந்தது. முன்பென்றால் கையை வீசிப் பாய்ந்திருப்பான். இப்போது காலை நகர்த்தினான். பிந்திவிட்டது. கோல்.

"பழைய ஷிப்லியென்டா புடிச்சிருப்பான்!" றிபாத் கத்தினான்.

"பழைய ஷிப்லி இப்ப ஆஸ்பத்திரியிலதான் இரிப்பான். ஆட்டத்தப் பாரு!" என்றான் ஷிப்லி.

அடுத்த பந்தை எதிராளி அடிக்க ஓங்கும்போதே ஷிப்லியின் கால்கள் நகர்ந்துவிட்டன. பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. அணைத்துப் பிடித்தான். றிபாத் தூரத்தில் கையை உயர்த்திப் பந்தைக் கேட்டான். ஷிப்லி வலது கையாலேயே எறிந்தான்.