பிள்ளையார் குடியிருந்த மாடம்

விசுவமடுவுக்கு அப்பால், குளக்கட்டின் கீழ் இருந்த அந்த வீட்டைக் கட்டியவர், குளம் திருத்த வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர். அவருக்குப் பிறகு நீர்ப்பாசன அதிகாரிகள் தங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு வௌவால்கள். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள், வௌவால்களை எழுப்பிவிட்டுக் குடியேறினோம்.

ஒன்றரை முழச் சுவர், எட்டாத உயரத்தில் ஓட்டுக் கூரை, சுற்றிவர விறாந்தை. வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கிணற்றடி போலக் குளிரும். கட்டினவருக்குக் கோடி புண்ணியம். ஆனால் மண்டபச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் வளைவு வைத்து ஒரு மாடம் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாமிக்கு விளங்கியது. என் கணவரின் தாய் ‘தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

“வெள்ளைக்காரன் மாதாவை வைச்சுக் கும்பிட்ட இடம். உள்ளுக்குப் பார், விளக்கெரிஞ்ச கரி.”

“மேல ஓட்டை இருக்கே மாமி?”

“சாம்பிராணிப் புகை போக.”

சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பிள்ளையாரை அன்றே அதற்குள் இருத்தினார். பின்வளவில் குடியிருந்த குளத்துக் காவலாளியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மலையகத்திலிருந்து வந்தவர். நான் ‘அக்கா’ என்று கூப்பிடுவேன். மாமிக்கு வெறும் ‘நீ’; மரியாதைக்கு ஒரு ‘நீர்’கூட இல்லை. அவர் ஊற்றிய தேநீரை மாமி தொடவும் மாட்டார்.

மாரிமழைக் காலத்தில் எட்டாம் மாதமே எனக்குப் பிள்ளை பிறந்துவிட்டாள். அணில் குஞ்சளவுதான் இருந்தாள். ஒன்பதாம் நாள் விடியவே பேய்மழை. ஓடு ஒழுகியது, வெளியே இருந்த குசினிக்குள் வெள்ளம், சமையலடுப்பு மூட்ட வழியில்லை. வாகனம் தேடிப் போன என் கணவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுவிட்டார். நெஞ்சோடு அணைத்தும் பிள்ளையின் கால் சில்லிட்டது, உதடு நீலம் பாரித்தது. அழக்கூட அவளுக்குப் பலமில்லை.

எட்டிப் பார்த்த அக்கா மாமியிடம் கைகூப்பினார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது சாமி மாடம் இல்லீங்க. தொர குளிர் காயுற அடுப்பு. தோட்டத்து பங்களாவுல நான் வெறகு போட்டிருக்கேன்.”

மாமியின் முகம் செத்துப்போனது. “அடுப்புக்குள்ளையோ நான் பிள்ளையாரை இருத்தினனான்?”

அவ்வளவுதான். பிள்ளையாரைத் தூக்கி என் கட்டிலில் வைத்தார். “கொஞ்சம் தள்ளி இரும், அப்பனே.”

அக்கா நீளத் தடியால் மேல் ஓட்டையைக் குத்தினார். பழைய குருவிக் கூடுகள் பொலபொலவென்று கொட்டின. தன் கட்டிலுக்குக் கீழே நனையாமல் வைத்திருந்த விறகை அடுக்கி மூட்டினார். முதலில் புகை எங்கள் முகத்திலேயே அடித்தது. பிறகு வழி தெரிந்ததுபோல மேலே ஏறியது. வன்னி வெயிலுக்குள் குளிர்காய அடுப்பு! எதற்கென்றே தெரியாத மாடம் கட்டினார் என்று அந்த மனுசனை நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன்! நாங்கள் பிள்ளையாரைக் கொண்டு வந்தோம், அவர் தன் ஊர் அடுப்பைக் கொண்டு வந்திருக்கிறார்.

மத்தியானம் ஆகும்போது பிள்ளையின் உள்ளங்கால் சிவந்தது. பிறகு வீடே அதிர வீரிட்டாள். நானும் அழுதேன்.

மழை விட்ட அன்று மாமி பிள்ளையாரைத் திரும்பவும் அடுப்புக்குள்ளேயே இருத்தினார். சாம்பலைக் கூட்டவில்லை. ஒரு சிட்டிகை எடுத்தார். பிள்ளைக்குப் பூசப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

“நீர் பூசிவிடும், பிள்ளைக்கு.”