மெக்சிகோவுக்கு ஒரு பை மிளகாய்த்தூள்

இரண்டு வருடங்களுக்கு முன், சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு மருத்துவமனையில் தாதி. இந்த நாட்டுக்கு வந்த காலம் முதல் எனக்குக் கிடைத்த விடுமுறை எல்லாம் கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்குமே போனது. கனடா, லண்டன், சுவிஸ் என்று போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மண்டபம், ஒரே கத்தரிக்காய்க் குழம்பு. இடம் என்று எதையும் பார்த்ததில்லை.

அந்த வருடம் மெக்சிகோவுக்குப் போவதென்று முடிவெடுத்தேன். ஏன் மெக்சிகோ? வேலையிடத்தில் தேநீர் குடிக்கும் அறையில், காலண்டரில் ஒரு மாயன் கோபுரத்தைப் பார்த்தேன், பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்பானியர் கட்டிய பழைய நகரங்களான மெரிடா, இசமால், வல்லடோலிட். நடுவே ஊஷ்மால், சிச்சென் இட்சா இடிபாடுகள். பறக்கிற நேரம் போக ஒரு வாரம்கூட மிஞ்சாது. ரயிலில் வேலைக்குப் போகும்போதெல்லாம் போனில் பஸ் நேரம் தேடி, வெயில் ஏறுமுன் இடிபாடுகளில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு நாளையும் அடுக்கினேன். கணவருக்கு முதுகுவலி, அவ்வளவு தூரம் பறக்க முடியாது. தனியாகவே போகிறேன் என்றேன்.

"அங்க ஆர் இருக்கினம்?" என்றார்.

ஒருவரும் இல்லை என்றேன். ஒருவரும் இல்லாத நாட்டுக்கு எங்கள் ஆட்கள் போனதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

நான் விட்ட பிழை, கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் வாய்விட்டதுதான். ஒரு கிழமைக்குள் அவள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். சிட்னியிலேயே ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் ஒரு அக்காவின் மகள் மெக்சிகோவின் கான்கூனில் குடும்பத்தோடு இருக்கிறாளாம். நான் அங்கேதான் தங்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? ஒரு நாள் விருந்து, அடுத்த நாள் கடை, அதற்கடுத்த நாள் அவர்களுடைய நண்பர் வீடு. என் ஊஷ்மால் போயே போய்விடும்.

பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே அந்த அக்கா போன் செய்தார். மகளுக்குச் சாமான் தந்துவிட ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். பிந்தினால் என் பெட்டியில் வேறு யாராவது இடம் பிடித்துவிடுவார்களே!

"ஒரு நாள் எட்டிப் பாத்திட்டுப் போனா என்ன? குறை நினைப்பினம்," என்றார் கணவர்.

"நினைக்கட்டும். நான் போகன்," என்றேன். வெங்காயம் வெட்டியபடியே, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பின் பார்த்ததில்லை. பையைத் திறந்தால் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, பருத்தித்துறை வடை, ஒரு பெரிய பை மிளகாய்த்தூள். மிளகாய்க்குப் பேர்போன நாட்டுக்கு! சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் கான்கூனுக்குப் போகேல்லை. இடம் பாக்கத்தான் போறன். எனக்கு இருக்கிறதே கொஞ்ச நாள்."

அவர் முகம் கறுத்தது. கணவர் மெதுவாக எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். பிறகு அக்கா, "என்ன இடம்?" என்று கேட்டார். போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது பிள்ளையின்ரை வீட்டிலை இருந்து தூரமோ?"

"சிச்சென் இட்சா ரெண்டு மூண்டு மணித்தியாலம் வரும், அக்கா."

"நான் மூண்டு தரம் போய் நிண்டனான். ரெண்டு பிள்ளைப்பேறு, மருமகன்ரை ஒப்பரேசன் ஒண்டு. நான் கண்ட மெக்சிகோ அவையின்ரை குசினிதான், அடுப்பும் சட்டியும்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. அதுவரை அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்ப நீங்களும் வாறியளோ?" என்று என் வாய்தான் கேட்டது. தனியாகப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்!

அக்கா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அங்கேயே கதிரையில் இருந்தபடி மகளுக்கு வீடியோவில் அழைத்தார். "பிள்ளை, நானும் மெக்சிகோ வாறன். ஆனா உங்கட வீட்டை இல்லை."

"மம், ஆர் யூ ஓகே?" என்றாள் மகள், பதறிப்போய்.

"ஓம், ஓகேதான்," என்றார் அக்கா.

போனோம். ஊஷ்மால் வெயிலில் நான் நிழல் தேடி உட்கார, சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக அவர் கோபுரத்தை ஒருமுறை சுற்றி வந்து, போதாதென்று இன்னொருமுறையும் சுற்றினார். கடைசி நாள் வல்லடோலிட்டுக்கு மகளே பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று பேரன் சிணுங்கினான்.

"இந்த முறை நான் இடம் பாக்க வந்தனான், ராசா. நீங்கள்தான் என்னைப் பாக்க வரோணும்," என்றார் அக்கா. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடியாது என்று ஒருவரிடம் சொல்ல நாக்குக் கூசும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வேன்: முகதாட்சண்யத்துக்காக அன்று நான் தலையாட்டியிருந்தால், அக்கா கண்ட அதே குசினியை நானும் கண்டுவிட்டுத் திரும்பியிருப்பேன், அவருக்கு அதைத் தவிர வேறு மெக்சிகோ கடைசிவரை இருந்திருக்காது.