அடுத்த கை சுற்றிய டேப்

வண்டி வந்து நின்றதும் கன்னியப்பன் ஓட்டி வந்தவரைப் பார்ப்பதில்லை. என்ன கோளாறு என்று கேட்பதும் இல்லை. கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, வயர்க் கற்றையை வெளியே இழுத்து மூக்கருகே கொண்டுபோகிறார். அதில் சுற்றியிருக்கும் டேப் தன்னுடையதா, அடுத்தவருடையதா என்பது அவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும். மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்: இது செங்கல்பட்டில் சுற்றியது, இது வந்தவாசியில் சுற்றியது, சுற்றியவன் இடதுகைக்காரன், அன்று காலை நாஷ்டாவுக்கு வடகறி சாப்பிட்டிருக்கிறான். இந்தியாவிலேயே இப்படி ஒரு மூக்கு எங்கள் உத்திரமேரூரில்தான் இருக்கிறது. வடகறி நான் சேர்த்தது. இந்தியாவும் நான் சேர்த்ததுதான். இடதுகை நிஜம்.

வந்தவாசி சாலையில் லாரிகளை எடை போடும் மேடையை ஒட்டி இருக்கிறது அவர் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய டிராக்டர் ஹெட்லைட் ஒன்றைக் கம்பத்தில் மாட்டியிருக்கிறார். அது எரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். பள்ளிக்கூட வேன், கரும்பு ஏற்றும் டிராக்டர், சின்ன யானை என்கிற குட்டி லாரி, திருவிழாவில் சாமியை ஏற்றிப் போகிற டிரெய்லர் என்று சக்கரம் உள்ள எதற்கும் விளக்கு போட்டு, வயர் இழுத்து, ஆரன் மாட்டிக் கொடுப்பார். வயது ஐம்பத்து நான்கு. சட்டைப் பையின் விளிம்பில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஃபியூஸ்களைச் செருகி வைத்திருப்பார். தூரத்தில் பார்த்தால் பதக்கம் வாங்கிய ராணுவக்காரர் மாதிரி இருக்கும்.

மீட்டர் எதுவும் அவரிடம் இல்லை. ஓர் இண்டிகேட்டர் பல்பு, அதன் அடியில் இரண்டு வயர். ஒன்றின் நுனியில் கவ்வி, மற்றதன் நுனியில் தீட்டிய சைக்கிள் கம்பி. கவ்வியை வண்டியின் இரும்பில் கடிக்க விட்டு, கம்பியால் வயரைக் குத்துவார். அவர் அகராதியில் பல்புக்கு மூன்று நிலைகள்தான் உண்டு. "எரியுது" என்றால் நல்லது. "மினுங்குது" என்றால் எங்கேயோ பிடி தளர்ந்திருக்கிறது. "அழுவுது" என்றால் துரு. எர்த் கொடுத்த இடத்தைச் சுரண்ட வேண்டும். வோல்ட், ஆம்பியர், ஓம் என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். ஓம் என்றால் அவருக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். ஆனாலும் என் ஸ்கூட்டரின் ஹெட்லைட் அணைந்துபோனால் நான் அதைக் கையால் தட்டுகிறேன். அவர் ஒரே குத்தில், "அழுவுது டீச்சரம்மா" என்கிறார். அந்த நேரத்தில் என் வயிறு எரிவதற்குப் பன்னிரண்டு வோல்ட் கூடத் தேவையில்லை.

பொறாமையில் நான் அவருக்குக் கால்தூசி. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், தான் ஒருமுறை வயர் இழுத்த வண்டி அவரைப் பொறுத்தவரை அவருடையது. அதற்குள் அடுத்தவர் டேப்பைப் பார்த்துவிட்டால், "யாரு கை வெச்சா?" என்பார். பஞ்சாயத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கிற குரல் அது. ஒருமுறை முனிரத்தினம் என்கிற விவசாயி, காஞ்சிபுரம் போன இடத்தில் தன் டிராக்டருக்குப் பின்பக்க பல்பு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கன்னியப்பன் அந்த பல்பைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து, வேறொன்று மாட்டினார்.

"நல்லாத்தானே எரிஞ்சிக்கினு இருந்துச்சு?" என்றார் முனிரத்தினம்.

"எரிஞ்சிச்சு. அதான் பேஜாரு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் திருப்புலிவனம் சாலையில் ஷாரோன் கடை போட்டாள். ஐ.டி.ஐ. படித்த பெண், இருபத்தெட்டு வயது, முன்பக்கம் கண்ணாடி வைத்த கடை, கையில் கீச்சென்று கத்துகிற மீட்டர். அன்றிலிருந்து கன்னியப்பனுக்குத் தூக்கம் குறைந்ததாக அவர் மனைவி கல்பனா சொல்கிறாள். ஷாரோன் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "மீட்டரு" என்பார். "மீட்டரு இன்னிக்கு கடை தொறக்கலியாமே, ஒடம்பு சரியில்லயா?" என்று விசாரிப்பார். அக்கறை மாதிரி இருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

போன மே மாதம், பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது, என் ஸ்கூட்டர் ஆரனுக்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். புருஷோத்தமன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். திருப்புலிவனத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வேன். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அதில் ஒரு திருகைக்கூடத் தன்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை என்பது கன்னியப்பனின் பெருமை. மறுநாள் காலை பத்து மணிக்கு எஃப்.சி. பிள்ளைகளை ஏற்ற வண்டி தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற வருடாந்தரச் சோதனை. விளக்கு ஒன்று தப்பாக எரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோளாறு விநோதமாக இருந்தது. பிரேக்கை மிதித்தால் வலதுபக்க இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிறது. வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் கண்ணடிக்கிறது.

"நிக்கிறேன்னு சொன்னா வளையிறேன்னு சொல்லுதுணா. பின்னாடி வர்றவன்லாம் திட்டிக்கினே வரான்" என்றார் புருஷோத்தமன்.

கன்னியப்பன் வழக்கம்போல ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டார். தலை அங்கேயே நின்றுவிட்டது. வெளியே வந்தபோது அவர் விரலிடுக்கில் ஒரு வயர் இருந்தது. அதன் இணைப்பின் மேல் டேப்பே இல்லை. கறுப்பாக, வழவழவென்று, சூடு காட்டிச் சுருங்க வைத்த ஒரு சிலீவ் தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

"இது இன்னா?"

புருஷோத்தமன் தரையைப் பார்த்தார். "போன வாரம் நீ ஐயங்கார்குளம் கல்யாணத்துக்குப் பூட்டியேணா. உள்ளாற லைட்டு எரியல. ஒரு லைட்டுதானேன்னு..."

"யாராண்ட?"

"மீட்டராண்ட." கன்னியப்பன் வைத்த பெயரையே மரியாதைக்காக அவரும் சொன்னார்.

"எனக்கு ஒரு போன் போட்டியா?"

"கல்யாணத்துல இருப்பியேன்னு..."

"தாலி கட்றது நானா?"

அதற்குள் கல்பனா சோற்றுத் தூக்கோடு வந்து நின்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கன்னியப்பன் முகத்தில் கோபம் போய் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அவருக்குக் கணக்கு சரியாகிவிட்டது: போன வாரம் அவள் கை வைத்தாள், இந்த வாரம் வண்டி கோளாறு. "பாத்தீங்களா டீச்சரம்மா. மீட்டரு கத்தும். வேலை செய்யாது."

"அவ வேலைன்னா இனிமே அந்த ரோட்டுப் பக்கமே போவ மாட்டேன்ணா" என்றார் புருஷோத்தமன். கொஞ்சம் நிறுத்தி, "உன் வேலைன்னா..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் விட்டார். அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அந்த வேன் இனி எந்தக் கடைக்குப் போகும் என்பது அன்று மதியம் முடிவாக வேண்டும்.

கன்னியப்பன் பிளேடால் சிலீவைக் கீறினார். உள்ளே இருந்த இணைப்பைப் பார்த்தார். ஒவ்வொரு கம்பி இழையும் அடுத்ததோடு பின்னி, ஈயம் வழியாமல், சொட்டு நிற்காமல் பற்ற வைக்கப்பட்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் ஓரகத்தியின் புதுப் பட்டுப்புடவையை ஒரு பெண் பார்ப்பாளே, முந்தானையைத் திருப்பி உள்பக்கம் வரைக்கும், அந்தப் பார்வை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் கத்தரித்து, அவள் போட்ட வயர் முழுவதையும் இழுத்து வெளியே போட்டார்.

"இப்ப மிதி."

புருஷோத்தமன் பிரேக்கை மிதித்தார். வலதுபக்க இண்டிகேட்டர் எரிந்தது.

"இன்னொரு தபா."

எரிந்தது.

கன்னியப்பன் பல்பை எடுத்து ஒவ்வொரு வயராகக் குத்திப் பார்த்தார். எல்லாமே எரிந்தது; எதுவும் மினுங்கவில்லை, அழவில்லை. அன்றைக்கு அழுதிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அரை மணி நேரம் போயிற்று. புருஷோத்தமன் செல்போனைக் கையில் எடுத்தார். "தப்பா நெனச்சிக்காதணா. நாளைக்கு எஃப்.சி. அந்தப் பொண்ணையே ஒரு வார்த்தை கேட்டுடட்டா?"

கன்னியப்பன் கவ்வியைப் பிடுங்கி வேறு இடத்தில் கடிக்க விட்டார். புருஷோத்தமன் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "கையில ஒரு வேலை கீதாம். அரை மணியில வரேன்னுச்சு."

அந்த அரை மணியில் கன்னியப்பன் வேலை செய்த வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வயரைத் தடவிக்கொண்டே போனார். இருக்கைகளைக் கழற்றினார். கடைசியில் வேனின் பின்னால் மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்தார். செருப்புப் போட்ட கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தன் கை பட்ட வண்டிகளுக்கெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தானே கட்டிவிடுவார் கன்னியப்பன். மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் கட்டுவார்கள்; இவர் பின்னாலும் ஒன்று கட்டுவார். "எதிர்ல வர்றவன் ஒரு தபா பாத்துட்டுப் பூடுவான். பின்னாடி வர்றவன்தான் அஞ்சு மைலு கண்ணு வெச்சிக்கினே வருவான்" என்பது அவர் நியாயம். நூலில் கட்டினால் மழையில் அறுந்துவிடுகிறது என்று, வெட்டிப்போட்ட வயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியில் கட்டுவார்.

வேனுக்கு அடியிலிருந்த கால்கள் அசைவதை நிறுத்தின. நான் குனிந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்து கோலிகுண்டு அளவுக்குச் சுருங்கிப்போன எலுமிச்சம்பழம் பின்விளக்குக்குப் பக்கத்தில் தொங்கியது. பழம் சுருங்கியதில் கம்பி தளர்ந்து, அதன் நுனி பின்விளக்கின் முதுகுப்பக்க ஓட்டைக்குள் நழுவி, பிரேக் வயர் முனையையும் இண்டிகேட்டர் வயர் முனையையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. கன்னியப்பன் புருஷோத்தமனிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பல்பின் கம்பியால் எலுமிச்சம்பழத்தின் கம்பியைத் தொட்டார். பல்பு நன்றாக எரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் இந்தப் பாடத்தை நடத்தியதில்லை.

பழத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இழுத்துப் போட்டிருந்த ஷாரோனின் வயரை எடுத்து, பழையபடி வேனுக்குள் மாட்டினார். தான் கத்தரித்த இடத்தை முறுக்கித் தன் டேப்பைச் சுற்றினார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிரித்து மறுபடி சுற்றினார். மூன்றாம் முறையும் சுற்றினார். அது டேப்தான், எத்தனை முறை சுற்றினாலும் டேப்பாகத்தான் இருக்கும்.

ஷாரோனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மீட்டர்ப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "இன்னாணா, என் லைன்ல எதனா பிரச்னையா?" என்று கேட்டாள்.

கன்னியப்பன் நிமிர்ந்தார். எடை மேடையில் நின்ற லாரிக்காரர்கள் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "உன் வேலையில ஒரு கொறயும் இல்லமா. நான் கட்டுன எலுமிச்சம்பழந்தான் எல்லாத்துக்கும் காரணம். ஒன்பது வருசமா இந்த வண்டி என்னுதுன்னு இருந்தேன். உன் கை என் கையவிட நல்ல கை." லாரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். புருஷோத்தமன் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் கலங்கியது.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று என் வீட்டுக்கு வந்த கல்பனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

"டீச்சரம்மா, நானும் அங்கதானே சோத்துத் தூக்க வெச்சிக்கினு நின்னேன்? அவுரு அப்பிடி ஒண்ணும் சொல்லல. 'ஃபியூஸு லூசா இருந்துச்சு, சரி பண்ட்டேன்'னாரு. அதையும் அந்தப் பொண்ணப் பாத்து சொல்லல, டயரப் பாத்து சொன்னாரு. லாரிக்காரங்க எறங்குனது டீ குடிக்க. வேனு எஃப்.சி. பாசாயிருச்சு, இன்னமும் எங்களாண்டதான் வருது."

"அவ்வளவுதானா?"

"அப்பால ரெண்டு நாளு கயிச்சு, சோறு துன்னுக்கினே சொல்றாரு, 'அந்தப் பொண்ணு கடையில கறுப்பு சிலீவு விக்கிது, ரெண்டு மீட்டர் வாங்கியாந்துடு. எனக்குன்னு சொல்லாத, மிக்சி வயருக்குன்னு சொல்லு'ன்னு. போய் வாங்கியாந்து குடுத்தேன். கையில வாங்குனாரு, அதத் திரும்பிக்கூட பாக்கல. 'அங்க எத்தினி வண்டி நிக்கிது?'ன்னு கேட்டாரு."

"எத்தனை நின்னுச்சு?"

"நாலு நின்னுச்சு டீச்சரம்மா. நான் ஒண்ணுன்னு சொன்னேன்."