மனுஷக் காலடி படாத அருவி

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்த அருவிக்கு நான் நூறு தடவை போயிருக்கிறேன். சரி, நூறு கொஞ்சம் அதிகம்தான். ஒரு தடவை போனேன். இன்னொரு தடவை போகப் பார்த்தேன். சொல்லத் தகுந்தது அந்த இரண்டாவதுதான். அன்று எங்களை அழைத்துப் போனவர் என் தங்கை புருஷன்.

ஊரில் அவருக்கு 'அருவியார்' என்று பேர். காட்டோரத்து லாட்ஜில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி கொடுப்பது உத்தியோகம். சாவியோடு ஒரு புளுகும் இலவசம். “மனுஷக் காலடியே படாத இடம் சார். எனக்கும் எங்க அப்பாவுக்கும் மட்டும்தான் வழி தெரியும்.” அவர் அப்பா பஸ் நிலையத்தில் பூட்டு ரிப்பேர் செய்தவர், காட்டை ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. கேட்கிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? காலடி படாத இடத்தில் தங்கள் காலடிதான் முதலில் பட வேண்டுமென்று, சலவை மடிப்புக் கலையாத உடுப்போடு வந்து நிற்பார்கள்.

அருவிக்கென்றே ஒரு வழிகாட்டியை நியமிக்க லாட்ஜ் முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிற அந்த வேலைக்கு அருவியார் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார்.

“நாளைக்கு என் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிப் போய்க் காட்டு. அவங்க வாயைப் பிளந்தா வேலை உனக்குத்தான்,” என்றார் முதலாளி. முதலாளியும் கூடவே கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

குச்சியால் காற்றை வெட்டிக்கொண்டே அருவியார் நடந்தார்.

“பாம்பு இருக்குமா?” என்று கேட்டாள் சம்பந்தியம்மாள்.

“நான் இருக்கேன்ல!”

“அதுதான் பயம்,” என்றேன் நான்.

மூங்கில் புதர் பக்கம் பாதை இரண்டாகப் பிரிந்தது. நின்றார். குனிந்தார். இலைகளைக் கிளறினார்.

“என்னய்யா தேடுற?” என்றார் முதலாளி.

“இங்க ஒரு பிஞ்ச செருப்பு கிடக்கணும் சார். அது கிடக்கிற பக்கமாத் திரும்பணும். அப்புறம் சிவப்பு பிஸ்கட் கவர், அப்புறம் மரத்துல சொருகின பாட்டில்…”

“காலடியே படாத காட்டுக்குச் செருப்பு தானா நடந்து வந்துச்சா?”

அருவியார் இன்னும் நாலு இலையைப் புரட்டிப் பார்த்தார். முந்தின வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வாத்தியாரும் காட்டுக் குப்பையெல்லாம் சாக்குச் சாக்காக அள்ளிப் போயிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி. ஓயாமல் பேசுகிறவருக்குக் காது எதற்கு?

“தண்ணிச் சத்தம் கேக்குது, வாங்க!” என்று ஒரு பக்கம் பாய்ந்தார். பின்னாலேயே ஓடினோம். கத்தரிக்காய் அளவு அட்டைகள் எங்கள் கணுக்காலில் விருந்து வைத்துக்கொண்டன. அருவியாரை மட்டும் ஒன்றுகூடத் தொடவில்லை. அட்டைக்கும் ஒரு தராதரம் உண்டு. கடைசியில் சத்தம் வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தோம். லாட்ஜின் பின்பக்கம், மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“இதுவா அருவி?” என்றாள் சம்பந்தியம்மாள்.

“இது… சின்ன அருவி.”

அன்றோடு அவருடைய தொப்பிக் கனவு தொலைந்தது, முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார் என்று எழுதி முடித்து, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

“தப்புக்கா,” என்றாள். “வேலை இவருக்குத்தான் கிடைச்சுது. இவரை மாதிரி வாய் வேற யாருக்கு இருக்கு? குப்பை அள்ளின வாத்தியார்கிட்டயே வழி கேட்டுக்கிட்டு, மறுநாள் முதலாளியும் இவரும் ஒரு சாக்குக் குப்பையைச் சுமந்து போய், வழி நெடுகப் போட்டுட்டு வந்தாங்க.”