பீலிக்ஸ் என் பெயரை எழுதாத கவிதை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் ஊர் கொடிகாமத்தில் சொந்தமாக லொறி ஓட்டினேன். ஜெர்மனிக்கு வந்து கோப்பை கழுவி, இன்று என் பெயரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை. இப்படிப்பட்ட எனக்கே ஒருவர் மேல் பொறாமை வந்ததென்றால் அந்த மனிதரைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

பெயர் பீலிக்ஸ். பஸ் சாரதி. 1986இல் என்னையும் மனைவி கமலாம்பிகையையும் ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் போட்டார்கள். அங்கிருந்து பட்டினத்துக்குப் போகும் பஸ் அவருடையது. தகப்பன் கற்குழியில் கூரைக்கல் பிளந்தவர். பீலிக்சுக்கும் பெரிய படிப்பில்லை. அந்த வகையில் அவரும் நானும் ஒன்றுதான். ஆனால் அவர் கவிதை எழுதினார். எரிமலை வாயில் நிற்கும் கறுத்த ஏரி, அதற்குள் அமிழ்ந்துபோன கோட்டை, உரோமர் போட்ட பாதை, இவைதான் அவருக்குப் பொருள். தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எகிப்து, பாபிலோன் என்று தடித்த புத்தகங்கள் வாசிப்பார். ஊர்ப் பத்திரிகையில் கவிதை வந்த அன்று, ஏறுகிற பெண்கள் எல்லாம் அவருக்குக் கை கொடுப்பார்கள். நானும் எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவன். எனக்கு யார் கை கொடுத்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். அங்கே உரோமர் காலத்துக் கல் ஒன்று. அதில் செதுக்கிய மூன்று தாய்மார் மடியில் பழக்கூடையோடு இருக்கிறார்கள். கமலாம்பிகை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனாள்.

"இஞ்சருங்கோ, அம்மன்மார் காய்ஞ்சுபோய் இருக்கினம். எண்ணெய் வைச்சு எத்தினை காலமோ!"

அவள் என்ன சொன்னாள் என்று பீலிக்ஸ் கேட்டார். தெரிந்த டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், அவளே சொன்னாள். அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. எண்ணெய்க்காப்பு என்றால் என்ன, கற்பூரம் என்றால் என்ன, எல்லாம் அவளிடம்தான் கேள்வி.

சரி, நல்லெண்ணெய் எடுப்பித்தது யார்? நான். டுசல்டோர்ஃபில் ஆளைப் பிடித்து ஒரு போத்தல் வருவித்தேன். சுமந்ததும் நான், கல்லின் தலையில் ஊற்றியதும் நான். பீலிக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் டொச்சில் சொன்னதை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"முப்பது வருசமா இந்தத் தாய்மாரைப் பற்றி எழுதுறன். ஒருநாளும் தொட்டதில்லை. நீங்கள் வந்தவுடனை சொந்தக்காரர் மாதிரி நிக்கிறியள்."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். என்னிடம் இருந்த சாமான்தான். பெரிய சந்தோசமாகப் போய்விட்டது. இதைக் கவிதையாக எழுதி இலையுதிர்கால விழாவில் வாசிக்கப் போவதாகச் சொன்னார். என் பெயர் டொச்சுக் கவிதையில் வரப்போகிறது என்று விடுதி முழுக்கச் சொல்லி வைத்தேன்.

"உங்கட பேர் வாறதுக்கு நீங்கள் என்ன நாலாவது அம்மனோ?" என்றாள் கமலாம்பிகை.

கொஞ்ச நாளில், புராதனச் சின்னங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார். கல் எண்ணெய் பிடித்துக் கறுத்துவிட்டதாம். யார் வேலை என்று விசாரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறப்பதற்குள் பீலிக்ஸ் முந்திவிட்டார்.

"நான்தான் ஊத்தினன்."

அந்த வார இறுதியில் முழங்காலில் நின்று, பிரஷால் கல்லைத் தேய்த்ததும் அவரே. பழியைக்கூட எனக்கு விட்டு வைக்கவில்லை பாருங்கள்.

"ஊத்தினது நானல்லோ? ஏன் உம்மடை பேரைச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"உம்மடை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. பேசாமல் இரும்."

"அப்ப கவிதை?"

"கவிதையையும் அந்த அதிகாரியள் வாசிப்பாங்கள், நாகமுத்து."

இருந்தாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு விழாவில் முன்வரிசையில் இருந்தேன். பீலிக்ஸ் வாசித்தார். தூர தேசத்துப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு வந்தாளாம். மூன்று தாய்மார் ஒதுங்கி இடம் கொடுக்க, நாலாவதாக இருந்தாளாம். கல் எண்ணெயைக் குடித்ததாம். கடைசி வரியில் புல்லுக்குள் ஒரு வெற்றுப் போத்தல் நின்றது. அவ்வளவுதான். மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது.

"ஏன் முகத்தை நீட்டுறியள்? போத்தல் வந்ததுதானே, அது உங்கடதானே" என்று கமலாம்பிகை என் காதுக்குள் சிரித்தாள். திரும்பி வரும்போது நான் அவளோடும் பேசவில்லை, பஸ் ஓட்டிய பீலிக்சோடும் பேசவில்லை.

1989இல் எங்களை இங்கே இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே பீலிக்சின் வீட்டுக்குப் போனேன்.

"இனிப் பயமில்லை. என்ரை பேரைப் போடும்."

அவர் மேசையில் இருந்த புதுப் புத்தகத்தைக் காட்டினார். கவிதை அச்சாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து தன் பேனையை எடுத்து நீட்டினார்.

"நீரே எழுதும். உம்மடை இடம் உமக்குத் தெரியும்."

பீலிக்ஸ் இன்று இல்லை. அவருடைய புத்தகம் என் கடை மேசையில் அடுக்கி இருக்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் போத்தலுக்கு மேலே தமிழில் நாகமுத்து என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், அவருடைய பேனையால்தான். நாலாவது தாய்க்கு மேலே யாருடைய பெயரும் இல்லை. தன் பெயரை எழுதச் சொல்லிக் கமலாம்பிகை கேட்டுப் பார்த்தாள். அவளுக்குத்தான் பீலிக்ஸ் போதிய இடம் கொடுத்துவிட்டாரே.