பச்சைமுத்துவின் வெள்ளைக் கோடுகள்

விழுப்புரத்தில் ஒரு மைக் செட் கடையில் பச்சைமுத்து வேலை பார்த்தார். ஆம்ப்ளிஃபயரை அவர் பெட்டி என்றுதான் சொல்வார். அதில் நான்கு திருகுகள். முதல் மைக்குக்கு ஒன்று, இரண்டாவது மைக்குக்கு ஒன்று, இசைத்தட்டுக்கு ஒன்று, குரலைத் தடியாக்கவோ மெலிதாக்கவோ ஒன்று. கீழே எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். இவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

அவருக்கு முன்னால் வேலை பார்த்த பெரியதம்பி, சென்னைக்குப் போகும்போது ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தார். "கோட்டுக்கு நேரா வச்சிட்டு கம்முனு ஒக்காரு." ஏழு வருஷம் இவரும் அப்படியே உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக் குழாய் ஊளையிட்டால், "மைக்கு பேஜாரு பண்ணுது" என்று மைக்கின் தலையில் தட்டுவார். மைக் என்ன செய்யும், பாவம்!

போன வருஷம் கெடார் கிராமத்துப் பள்ளி விழாவில் குழாய் ஊளையிட்ட ஊளைக்கு ஊர் நாய்கள் பதில் சொல்லின. இந்த வருஷம், 1963 விஜயதசமிக்கு, அதே பள்ளியில் புதுக் கட்டடத் திறப்பு. கடை முதலாளி விருத்தாசலம் சொல்லிவிட்டார்: "இந்தத் தபாவும் கூவிச்சின்னா பெட்டிய வச்சிட்டு வேற வேலைய பாத்துக்கோ."

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்பதால் ஆயுத பூசையன்றே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. புருஷனின் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்த ஜெயம் சும்மா இருப்பாளா? மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் அழுந்தத் துடைத்து, ஒவ்வொரு திருகுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மனசார வேண்டிக்கொண்டாள்.

பச்சைமுத்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு எங்கடி?"

"வெள்ளையடிக்கசொல்ல தெறிச்ச சுண்ணாம்புன்னு நெனச்சிக்கினு தொடச்சிட்டேங்க." ஜெயம் அழுதுவிட்டாள்.

மறுநாள் அவளும் கூடவே கெடாருக்கு வந்தாள். பந்தலில் கூட்டம் சேரும் முன்பே பச்சைமுத்து நான்கு திருகுகளையும் மூடினார். வேறு வழியில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஜெயம் மைதானத்தின் கடைசியில் நின்றாள். கேட்டால் கையைத் தூக்குவாள், காதைப் பொத்தினால் அதிகம் என்று அர்த்தம். முதல் மைக் தனியாக நன்றாகப் பேசியது. இரண்டாவதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத் திறந்ததும் பழைய ஊளை! ஒன்றை மூடினார். நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெரியதம்பியின் கோடு எப்போதும் இரண்டையும் சரிசமமாகத் திறந்தே வைத்திருந்தது. எந்த இடத்துக்குப் போட்ட கோடோ அது!

விழா தொடங்கியது. இரண்டாவது மைக்கில் கடவுள் வாழ்த்துப் பாட அம்சா என்ற ஐந்தாம் வகுப்புப் பெண் வந்தாள். போன வருஷம் அவள் பாடியது முதல் வரிசைக்கே எட்டவில்லை. "தொண்டையே இல்லாத பொண்ண ஏன் ஏத்துனீங்க?" என்று ஊரே சிரித்தது. பச்சைமுத்து முதல் மைக்கை முழுக்க மூடிவிட்டு, இரண்டாவதன் திருகைக் கோடு இருந்த இடத்தையும் தாண்டித் திருப்பினார். மைதானத்தின் கடைசியில் ஜெயத்தின் கை உயர்ந்தது. அவளுக்குப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த சின்னபொண்ணு கூடையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவள்தான் அம்சாவின் தாய்.

குழாய் ஒரு தடவைகூட ஊளையிடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஜெயம் மெல்லக் கேட்டாள்: "பெயின்ட் வாங்கியாந்து கோட்ட மறுபடியும் போட்டுடலாங்களா?"

"வாணாம். ஏழு வருஷமா கோட்டதான் பாத்துக்கினு இருந்தேன், ஜெயம். அந்தப் பொண்ணுக்கு நல்லாத்தான் தொண்ட இருந்திருக்கு. நாந்தான் தொறக்கல."

அவர் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். ஜெயம் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.