பாஷா பாய் அகலப்படுத்திய மண் ரோடு

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் பாஷா பாய்க்காகக் காத்திருந்தபோது அவர் மகள் போன் செய்தாள். "சார், அத்தா மவுத்தாயிட்டாங்க. காலையில கெளம்பிக்கினே இருந்தாங்க" என்றாள். அன்று பாயும் நானும் கல்வராயன் மலைக்குப் போவதாக இருந்தது. மலைக்குப் போகும் பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறவும் தோன்றவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் தோன்றவில்லை.

அவர் ஓவர்சியர், நான் அவருக்கு மேலே இன்ஜினியர். வயதில் அவர் என் அண்ணன் மாதிரி. அப்பாவின் மளிகைக் கடையை வேண்டாம் என்று இந்த வேலைக்கு வந்தவர். வெயிலில் ரோடு அளக்க டேப் பிடிக்கும்போதெல்லாம், "கடையில குந்தியிருந்தா ஃபேன் காத்தாவது வந்திருக்கும் சார்" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே அடுத்த வளைவுக்கு நடப்பார்.

மலைமேல் ஓர் ஊர். வருடா வருடம் வீடுகள் கூடின, இறங்குவதற்கு மட்டும் ஒரே ரோடு. கோடையில் காட்டுத் தீ அந்த ரோட்டோரம்தான் வரும். பாய் வீடு வீடாகப் போய், "தீ வந்தா மொதல்ல இன்னா எடுப்பீங்க?" என்று கேட்டார். சடைச்சி என்ற பெண், "கை கால் வராத புருசன் இருக்கான் பாய். அவன எடுக்கணும், ஆட்ட அவுத்து உடணும். ரெண்டுத்துக்கும் வழி வுடு" என்றாள். கிழக்குச் சரிவில் இருந்த ஒற்றையடிப் பாதையை ஜீப் போகிற மண் ரோடாக அவர் அகலப்படுத்தியது அதற்குப் பிறகுதான். அனுமதிக்காக அவர் ஏறி இறங்காத படி இல்லை.

பாய் தன் மனைவியின் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தபோது, ஊரார் பஸ்ஸுக்கு நிற்க நிழற்குடை கேட்டார்கள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். மண் ரோடு இன்னும் அதில் ஏறவில்லை. அது ஊருக்குள் வந்து சேரும் வாயையே காலி இடம் என்று கைகாட்டிவிட்டேன். திரும்பி வந்த பாய் அங்கே எழும்பியிருந்த நிழற்குடையைப் பார்த்து, "வழியில போய் குந்த எடம் கட்டிட்டோமே சார்" என்றார். கட்டிட்டீங்களே என்று சொல்லவில்லை. இடிக்கலாம் என்று போனால் சடைச்சியே மறித்துக்கொண்டாள். "மழையில நனஞ்சப்ப ஒருத்தனும் வர்ல. இப்ப இடிக்க மட்டும் வந்துட்டீங்களா?" பாய் தலையைக் குனிந்துகொண்டு, "அதுவும் ஞாயந்தான்" என்றார்.

போன பங்குனியில் தீ பெரிய ரோட்டைத் தாண்டியது. ஊரே மண் ரோட்டுக்கு ஓடியது. அதில் கீழேயிருந்து ஏறிப்போன ஜீப் ஊருக்குள் நுழைய முடியாமல் நிழற்குடைக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. சடைச்சியின் கணவனைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அவர்களில் ஒருவர், ஜீப்பில் போயிருந்த பாய். புகையில் அன்று பிடித்த இருமல் கடைசிவரை விடவில்லை. காற்று திரும்பியதால்தான் ஊர் பிழைத்தது. ஆடுகள் பிழைக்கவில்லை.

விசாரணை வந்தது. இடத்தைக் காட்டியது தான்தான் என்று பாய் எழுதிக் கொடுத்தார். மெமோ அவருக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, "உங்கள தூக்கிட்டா நெழற்குடைய எடம் மாத்துற ஃபைல யார் சார் மேல எடுத்துக்கினு போறது? எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே சர்வீஸு" என்றார். நானும் எடுத்துக்கொண்டு போனேன். அது மேசை மேசையாக நகர்ந்து, கேள்விகளோடு என்னிடமே திரும்பி வந்தது. அதற்காக இன்னொரு முறை அளக்கத்தான் பாய் இறந்த அன்று கிளம்பினோம்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இடத்தைக் காட்டியவன் நான். அன்று பாய் லீவில் இருந்தார். இதை ஆபீஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வது என் தப்பை மட்டும்தான். அவர் அதை இத்தனை நாள் சுமந்தது போதும். என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் போலிருக்கிறது. ஃபைலை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று தெரியவில்லை. மலையில் புல் காயத் தொடங்கிவிட்டது.